மறுக்கும் விதி பதில் சொல்ல வேண்டும்

ஓர் அலுவலகத்துக்கு வரும் மின்னஞ்சல், அங்கே பணிபுரிபவரின் திரையைத் தொடுவதற்கு முன்பே, நிறுவனத்தின் சார்பில் அஞ்சலை வாங்கிப் பிரித்து வைக்கும் சர்வர் என்னும் கணினியில் பல தீர்ப்புகளைக் கடந்து வருகிறது. எந்த அனுப்புநரை உள்ளே விடலாம், எந்த இணைப்பை நிறுத்தி வைக்க வேண்டும், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும், எதை ஸ்பாம் பெட்டியில் ஒதுக்க வேண்டும் என்று அந்தக் கணினிக்கு முன்கூட்டியே எழுதி வைக்கப்படும் கட்டளைகள் அஞ்சல் விதிகள் எனப்படுகின்றன. கணினிப் பிரிவினர் ஒருமுறை அமைத்துவிட்டுப் போகும் வேலையாகவே இவை பல இடங்களில் கருதப்படுகின்றன. ஆனால் ஒரு நிறுவனத்தோடு யார் பேசலாம், யார் பேசக் கூடாது என்று தீர்மானிக்கும் எதுவும் அந்த நிறுவனத்தை நடத்துபவர்கள் அறிந்து எடுக்கும் முடிவாக இருந்தாக வேண்டும், அஞ்சலை மறுக்கும் விதி எதுவாயினும் அதை அனுப்பியவருக்கு அந்த மறுப்பைத் தெரிவித்தாக வேண்டும்.

விருதுநகர் மாவட்டம் இராஜபாளையம் வட்டத்தில் உள்ள சோழபுரத்தைச் சூழ்ந்த பகுதி இதை ஆராய்வதற்கு ஏற்ற களம். 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய இராஜபாளையம் மில்லைத் தொடர்ந்து பெருகிய நூற்பாலைகள், விசைத்தறியில் நெய்யப்பட்டு மருத்துவமனைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போகும் சத்திரப்பட்டி வட்டாரத்துப் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தின் நைட்டித் தையல், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என இங்குள்ள தொழில்கள் பலவும் தொலைவில் இருக்கும் வாங்குவோரை நம்பியவை. ஆர்டர், ப்ரொஃபார்மா இன்வாய்ஸ், துணியின் பரிசோதனைச் சான்று, ஷிப்பிங் பில், வங்கி அனுப்பிய பண வரவுச் செய்தி ஆகிய யாவும் இரண்டு மூன்று பேர் மட்டும் இருக்கும் ஓர் அலுவலக அறையின் இன்பாக்ஸில் வந்து சேர்கின்றன. அவற்றின் நடுவே, அவற்றைப் போலவே தலைப்பிட்டுக்கொண்டு போலியும் வந்து சேர்கிறது. பெருநகரத்து நிறுவனத்தில் இதைக் கவனிக்கத் தனிப் பிரிவே இருக்கும். இங்கோ கணக்கரே அஞ்சலையும் பார்க்க வேண்டியிருப்பதால், சர்வரில் எழுதப்படும் விதிகளின் பொறுப்பு கூடுகிறது.

மின்னஞ்சலின் வரலாற்றில் இவ்வட்டாரத்துக்கு நேரடியான தொடர்பும் உண்டு. சோழபுரம் இருக்கும் அதே வட்டத்தைச் சேர்ந்த முகவூரை மூதாதையர் ஊராகக் கொண்டவரும், மும்பையில் பிறந்து ஏழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றவருமான சிவா அய்யாதுரை, 1978இல் தம் பதினான்காம் வயதில், நியூ ஜெர்சியின் மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிக்காக அங்கு காகிதத்தில் நடந்துவந்த குறிப்பாணைப் போக்குவரத்தைக் கணினிக்கு மாற்றும் ஒரு நிரலை எழுதத் தொடங்கி, அதற்கு 1982இல் பதிப்புரிமை பெற்றார். மின்னஞ்சலையே கண்டுபிடித்தவர் தாமே என்று அவர் கூறுவதைக் கணினி வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை. அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பில் ரே டாம்லின்சன் 1971இலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அஞ்சல் அனுப்பியிருந்தார், பதிப்புரிமை என்பதும் எழுதப்பட்ட நிரலுக்குக் கிடைப்பதேயன்றிக் கருத்துக்குக் கிடைப்பதன்று. இந்தச் சர்ச்சையின் இரைச்சலில் அய்யாதுரையின் பிற்காலப் பணி கவனம் பெறாமல் போனது வருந்தத்தக்கது. 1994இல் அவர் தொடங்கிய நிறுவனம் உருவாக்கிய எக்கோமெயில் என்னும் மென்பொருள், பெரு நிறுவனங்களுக்கும் அமெரிக்க செனட் உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கும் வந்து குவியும் அஞ்சல்களைப் படித்துப் பொருள்வாரியாகப் பிரித்து உரியவரிடம் சேர்ப்பதற்கானது. அஞ்சலை அனுப்புவது தீர்ந்துபோன சிக்கல், வந்த அஞ்சலை ஆள்வதே தீராத சிக்கல் என்பதை அத்தனை முன்பே கண்டுகொண்ட முயற்சிகளில் அது ஒன்று.

அந்தச் சிக்கலின் வேர் 1978இலேயே தெரிந்துவிட்டது. அவ்வாண்டு மே 3 அன்று, டிஜிட்டல் எக்யுப்மெண்ட் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி தூர்க், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளைக் காண வருமாறு அர்ப்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். கேட்காமல் வந்த முதல் வணிக அஞ்சலாக அது குறிப்பிடப்படுகிறது. 1982 ஆகஸ்ட்டில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் நெறிமுறை, அதாவது இரண்டு அஞ்சல் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் முறை, ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களின் உலகத்துக்கு எழுதப்பட்டதால், அனுப்புநர் தம் பெயராக எதைச் சொல்கிறாரோ அதையே நம்பியது. இன்றைய விதிகளில் பெரும்பகுதி அந்த நம்பிக்கையின் மேல் பின்னர் கட்டப்பட்ட சோதனைகளே.

எஸ்.எம்.டி.பி. உரையாடலை இராஜபாளையத்து மில் ஒன்றின் கேட்டில் நடக்கும் விசாரணையோடு ஒப்பிடலாம்: வண்டி வந்து நின்றதும் எங்கிருந்து வருகிறது என்று கேட்கப்படுகிறது, பிறகு யார் அனுப்பினார் என்று, பிறகு உள்ளே யாரைப் பார்க்க வேண்டும் என்று, எல்லாம் சரியாக இருந்தால்தான் சரக்கு இறக்க இடம் காட்டப்படுகிறது. அனுப்பும் சர்வர் முதலில் தன் பெயரையும், அடுத்து உறை மேல் எழுதப்பட்ட அனுப்புநர் முகவரியையும், அடுத்துப் பெறுநர் முகவரியையும் தெரிவித்து, ஒவ்வொன்றுக்கும் சம்மதம் பெற்ற பின்னரே கடிதத்தின் உடலை அனுப்புகிறது. பெறும் சர்வர் ஒவ்வொரு படியிலும் ஒரு மூன்றிலக்க எண்ணால் விடை தருகிறது. 2இல் தொடங்கினால் ஏற்பு, 4இல் தொடங்கினால் இப்போது இயலாது, சற்றுப் பொறுத்து மீண்டும் வரவும் என்பது, 5இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. பலருக்கும் தெரியாத ஒன்று, உறை மேல் உள்ள அனுப்புநர் முகவரியும் கடிதத்தைத் திறந்ததும் திரையில் தெரியும் அனுப்புநர் முகவரியும் தனித்தனியானவை, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் மூல நெறிமுறையில் இல்லை என்பது. போலி அஞ்சல்களில் பெரும்பாலானவை நுழைவது அந்த இடைவெளி வழியாகத்தான்.

விதி எழுதுபவர் எடுக்க வேண்டிய முடிவுகளில் தலையாயது, மறுப்பை எந்தக் கட்டத்தில், எந்த வகையில் வெளிப்படுத்துவது என்பது. உரையாடல் நடந்துகொண்டிருக்கும்போதே 5இல் தொடங்கும் எண்ணைச் சொல்லி மறுத்துவிட்டால், அனுப்பும் சர்வர் தன் பயனருக்கு அஞ்சல் சேரவில்லை என்று அறிவிக்கும். அனுப்பியவர் உண்மையான வணிகராக இருந்தால் தொலைபேசியை எடுப்பார், போலி அஞ்சல் அனுப்புபவராக இருந்தால் அவருக்கு அந்தச் செய்தியால் இழப்பு எதுவும் இல்லை. கடிதத்தை முழுவதும் வாங்கிக்கொண்டு 2இல் தொடங்கும் எண்ணைச் சொல்லிவிட்டால் நிலைமை மாறுகிறது. 2008 அக்டோபரில் திருத்தி வெளியிடப்பட்ட நெறிமுறை, அவ்வாறு ஏற்ற சர்வர் அந்தக் கடிதத்தைச் சேர்ப்பிக்கவோ சேர்ப்பிக்க இயலாமையை அறிவிக்கவோ பொறுப்பேற்கிறது என்று தெளிவாகக் கூறுகிறது. ஏற்ற பிறகு போலி என்று கண்டு திருப்பி அனுப்பினாலும் சிக்கல்தான், ஏனெனில் போலிக் கடிதத்தின் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருடப்பட்டது, திருப்பி அனுப்பும் அறிவிப்பு சம்பந்தமில்லாத மூன்றாம் நபரின் பெட்டியில் போய் விழும். ஏற்றுக்கொண்டு ஓசையில்லாமல் அழித்துவிடுவது இவை எல்லாவற்றினும் எளிது, எல்லாவற்றினும் தீங்கானதும் அதுவே: நெதர்லாந்திலோ நைஜீரியாவிலோ இருக்கும் ஒரு வாங்குநர் ஆர்டர் அனுப்பி, அது சேர்ந்துவிட்டது என்று தம் சர்வர் சொன்னதை நம்பிக் காத்திருப்பார், சத்திரப்பட்டியில் அப்படி ஒரு கடிதம் வந்ததே யாருக்கும் தெரியாது. எனவே சோதனைகளை முடிந்தவரை உரையாடலுக்குள்ளேயே முடித்துவிடுவதும், ஐயத்துக்குரியவற்றை அழிக்காமல் ஒரு மனிதர் தினமும் திறந்து பார்க்கும் தனிப் பெட்டியில் வைப்பதும், அழிக்கும் விதியை எழுதாமலே இருப்பதும் உத்தமம்.

சோதனைகளின் வரிசைக்கும் ஒரு காரணம் உண்டு. சர்வருக்குச் செலவு குறைந்தது முன்னும் செலவு மிகுந்தது பின்னும் வர வேண்டும். முதல் வகைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். தீய அனுப்புநர்களின் இணைய முகவரிகளைத் தொகுத்து வைத்து, கேட்கும் சர்வருக்கு உடனே விடை தரும் தடைப் பட்டியல் முறையை 1997இல் பால் விக்ஸி நடைமுறைக்குக் கொண்டுவந்தார். லண்டனில் 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ் அதன் பெரும் வாரிசு. 2003இல் இவான் ஹாரிஸ் முன்வைத்த கிரேலிஸ்டிங், புதிய அனுப்புநர் எவரையும் முதல் முறை 4இல் தொடங்கும் எண்ணைச் சொல்லித் திருப்பிவிட்டு, முறையாக இயங்கும் சர்வராக இருந்தால் மீண்டும் வரும் என்று எதிர்பார்க்கிறது. ஆனால் கடவுச்சொல் மாற்றும் இணைப்பும் வங்கியின் ஒருமுறைக் குறியெண்ணும் அஞ்சலில் வரும் இக்காலத்தில் அந்தத் தாமதமே இடையூறாகிவிடுவதால், அதை இன்று கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க இயலாது.

கடிதத்தோடு வரும் கோப்பு இணைப்புகளைப் பற்றிய விதிக்குப் பாடம் சொன்னது 2000 மே 4. அன்று பிலிப்பைன்சிலிருந்து கிளம்பிய ஐ லவ் யூ என்னும் கணினிப் புழு, காதல் கடிதம் என்ற பெயரோடு எழுத்துக் கோப்பைப் போலத் தோன்றி, பெயரின் கடைசியில் வி.பி.எஸ். என்னும் இயங்கு நிரலின் அடையாளத்தை மறைத்துக்கொண்டு வந்தது. விண்டோஸ் அந்தக் கடைசிப் பகுதியைக் காட்டாமல் விட்டதால் திறந்தவர்கள் ஏமாந்தார்கள். இயங்கு நிரல் வகைக் கோப்புகளை வாசலிலேயே மறுக்கும் விதி இன்றும் எந்த நிறுவனத்துக்கும் தேவை, கடவுச்சொல் இட்டுச் சுருக்கிய கோப்பைச் சர்வரால் திறந்து சோதிக்க முடியாது என்பதால் அதையும் தனிப் பெட்டிக்கே அனுப்ப வேண்டும்.

கடிதத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்து மதிப்பெண் இடும் முறையில் தமிழ் நிறுவனங்கள் தனியே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2001இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ஸ்பாமசாசின் போன்ற மென்பொருள்கள் நூற்றுக்கணக்கான சிறு சோதனைகளை நடத்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் சேர்த்து, கூட்டுத்தொகை வழக்கமாக 5ஐத் தொட்டால் ஸ்பாம் என்று குறிக்கின்றன. ஸ்பாமசாசினில் கடிதத்தின் மொழியை ஊகித்து, விரும்பிய மொழிகளின் பட்டியலில் அது இல்லையென்றால் மதிப்பெண் கூட்டும் ஒரு பகுதியும் விருப்பத் தேர்வாக உண்டு. வெளிநாட்டு வழிகாட்டியைப் பார்த்து அப்படியே அமைப்பவர் அந்தப் பட்டியலில் ஆங்கிலத்தை மட்டும் எழுதிவிட்டால், தென்காசியிலிருந்து தமிழில் எழுதும் மொத்த வியாபாரியின் கடிதம் குற்றமற்றிருந்தும் ஐயத்துக்குரியதாகிவிடும். தமிழும் அப்பட்டியலில் சேர்க்கத்தக்க மொழியாகவே அந்த மென்பொருளில் இருப்பதால் தீர்வு ஒரு சொல்லைச் சேர்ப்பதுதான். தலைப்பு வரியில் 'விலைப்பட்டியல்' என்று வந்தால் விற்பனைப் பிரிவுக்கு அனுப்பு என்று ஒரு விதி எழுதப்பட்டால், அது வேலை செய்யாமல் போவதற்கும் வாய்ப்பு உண்டு, ஏனெனில் தலைப்பில் உள்ள தமிழ் எழுத்துகள் பயணத்தின்போது பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த குறியீடாக மாற்றப்பட்டுச் செல்கின்றன. அந்தக் குறியீட்டை மீண்டும் எழுத்தாக்கிய பிறகு ஒப்பிடுமாறு விதி அமைந்திருக்கிறதா என்று ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்க்காமல் அறிய முடியாது.

ஏற்றுமதி வணிகத்தை உலுக்கும் மோசடி இவற்றில் எதிலும் அகப்படாதது. அதில் வைரஸ் இல்லை, விளம்பரம் இல்லை, ஆபாசம் இல்லை. எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, வரும் தவணையைப் புதிய கணக்கில் செலுத்தவும் என்ற இரண்டு வரிகள் மட்டுமே, அதுவும் பழகிய வணிகரின் பெயரில், நடப்பு இன்வாய்ஸின் எண்ணைக் குறிப்பிட்டு வருகின்றன. இவ்வகை மோசடியால் 2023இல் மட்டும் 290 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பெற்ற புகார்கள் காட்டுகின்றன.

இதற்கு எதிரான விதிகள் மூன்று அடுக்காக வளர்ந்தவை. எஸ்.பி.எஃப். என்பது, தன் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்தக் கணினிகளுக்கு உரிமை உண்டு என்று ஒரு டொமைனின், அதாவது அஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயரின், உரிமையாளர், இணையத்தின் பெயர்ப் பதிவேடான டி.என்.எஸ்.ஸில் எழுதி வைக்கும் அறிவிப்பு. அது சோதிப்பது உறை மேல் உள்ள முகவரியை. டிகிம் என்பது, அனுப்பும் சர்வர் கடிதத்தின் மேல் இடும் மறைகுறிக் கையொப்பம். வழியில் உள்ளடக்கம் மாற்றப்பட்டால் கையொப்பம் பொருந்தாது. இவை இரண்டும் தனியே நின்றால் திரையில் தெரியும் பெயரைக் காப்பதில்லை என்பதால், 2012இல் அறிமுகமாகி 2015இல் ஆவணமான டிமார்க், இவற்றுள் ஒன்றாவது தேறியிருக்க வேண்டும், தேறிய டொமைன் திரையில் தெரியும் டொமைனோடு பொருந்தவும் வேண்டும் என்று விதித்து, பொருந்தாவிட்டால் விட்டுவிடுவதா, ஒதுக்குவதா, மறுப்பதா என்பதை அந்த டொமைனின் உரிமையாளரே அறிவிக்க இடம் தந்தது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோரிடம் இம்மூன்றையும் கட்டாயமாகக் கேட்கத் தொடங்கியதால், தன் டொமைனுக்கு இவற்றை அமைக்காத நிறுவனம் தன் வாசலைக் காக்காதது மட்டுமன்றி, தான் அனுப்பும் கடிதங்களும் மற்றவர் வாசலில் நின்றுவிடும் நிலையை வருவித்துக்கொள்கிறது.

எஸ்.பி.எஃப். அறிவிப்பைச் சோதிக்கும்போது 10 டி.என்.எஸ். தேடல்களுக்கு மேல் போகக் கூடாது என்பது வரையறை. சம்பளப் பட்டியல் மென்பொருள், ஜி.எஸ்.டி. மென்பொருள், விளம்பர அஞ்சல் சேவை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியதும் அறிவிப்பு முழுவதுமே செல்லாததாகிவிடும், அதைத் தாண்டியது எப்போது என்று யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதே காரணத்தால் டிமார்க்கை முதல் நாளிலேயே மறுக்கும் நிலையில் வைப்பது அவசரம். முதலில் அறிக்கை மட்டும் பெறும் நிலையில் சில வாரங்கள் வைத்து, தன் பெயரில் உண்மையாகவே அனுப்புபவை எவை என்று கண்டறிந்து, பிறகு படிப்படியாக இறுக்குவதே முறை. ஓர் எழுத்து மட்டும் மாற்றிப் புதிதாக வாங்கப்பட்ட போலி டொமைன், தனக்கென எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் முறையாகவே அமைத்துக்கொண்டு வரும் என்பதால், இவை அனைத்தையும் கடந்து உள்ளே வந்துவிடும். அதற்கு, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்தின் மேலும் அது வெளியார் கடிதம் என்ற பட்டையைச் சேர்க்கும் விதியும், முதலாளியின் பெயரைத் தாங்கி வெளி முகவரியிலிருந்து வரும் கடிதத்தைத் தனிப் பெட்டிக்குத் திருப்பும் விதியும் ஓரளவு உதவும். வங்கிக் கணக்கு மாற்றம் என்ற செய்தியை மட்டும், கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, பழைய கோப்பில் உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்யாமல் ஏற்பதில்லை என்ற அலுவலக விதிக்கு ஈடாகச் சர்வர் விதி எதுவும் இல்லை. பணம் போய்விட்டால் 1930 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்வது எத்தனை விரைவாக நடக்கிறதோ அத்தனைக்கு மீட்கும் வாய்ப்பு உண்டு.

அஞ்சல் விதி தீயவர்களைத் தடுப்பதற்கு மட்டும் உரியதன்று. நல்லவர்களின் கடிதத்தையும் நேரமறிந்து சேர்ப்பதற்கு உரியது. 2011 இறுதியில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், தொழிலாளர் மன்றத்தோடு செய்த உடன்பாட்டின்படி, குறிப்பிட்ட பணியாளர்களின் பிளாக்பெரி கருவிகளுக்கு அஞ்சல் அனுப்புவதை வேலை முடிந்து அரை மணி நேரத்தில் சர்வரே நிறுத்திவிட்டு, மறுநாள் வேலைக்கு அரை மணி நேரம் முன் தொடங்குமாறு விதித்தது. 2014இல் டைம்லர் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே சென்று, விடுப்பில் இருக்கும் பணியாளர் விரும்பினால் அவருக்கு வரும் கடிதம் அழிக்கப்படும், அனுப்பியவருக்கு அந்தச் செய்தியும் அவசரமென்றால் தொடர்புகொள்ள வேண்டிய மாற்று நபரின் பெயரும் உடனே அனுப்பப்படும் என்று ஏற்பாடு செய்தது. அழிக்கும் விதியாக இருந்தும் இது ஏற்கத்தக்கதாவது, அனுப்பியவரிடம் எதையும் மறைக்காததால். இந்தியாவில் சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா, பணி நேரத்துக்குப் பின் வரும் அழைப்புக்கும் அஞ்சலுக்கும் விடையளிக்காதிருக்கும் உரிமையைக் கோரியது. அது சட்டமாகவில்லை என்றாலும், மூன்று ஷிஃப்ட்டில் இயங்கும் ஒரு மில்லின் அலுவலகம் அத்தகைய விதியைத் தானே எழுதிக்கொள்ளச் சட்டம் தடையாக இல்லை. இரவு ஷிஃப்ட் பொறியாளருக்கு இயந்திரக் கோளாறு பற்றிய கடிதம் மட்டும் உடனே போகட்டும், மற்றவை காலை வரை வேறொரு பெட்டியில் இருக்கட்டும் என்று பிரிப்பதற்கு, 2001இல் ஆவணமாகி 2008இல் திருத்தப்பட்ட சீவ் என்னும் வடிகட்டி மொழியில் சில வரிகள் போதும்.

சிறு நிறுவனங்களில் பலவும் தமக்கெனச் சர்வர் வைத்துக்கொள்வதை விட்டு, கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜோஹோ போன்றவற்றின் சேவையை வாடகைக்கு எடுக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலை சென்றடையும் தென்காசியின் அருகே, மத்தளம்பாறையில் ஜோஹோ 2011இல் தொடங்கிய அலுவலகம் இன்று பெரும் வளாகமாக வளர்ந்திருக்கிறது; மத்திய அரசு ஊழியர்களின் அஞ்சல் பெட்டிகள் ஜோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டது 2025இல் பேசுபொருளானது. வாடகைச் சேவையில் இயந்திரத்தைப் பராமரிக்கும் சுமை குறைகிறது, விதியை எழுதும் பொறுப்பு குறைவதில்லை. சேவை தருபவர் முன்னிருப்பாக வைத்திருக்கும் அமைப்பு உலகத்துக்கெல்லாம் பொதுவானது, அதற்குச் சத்திரப்பட்டியின் வாங்குநர் யார் என்று தெரியாது. ஒவ்வொரு விதிக்கும் அது எதற்காக, யார் சொல்லி, எந்த நாளில் எழுதப்பட்டது, எப்போது மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும் என்று ஒரு பதிவேட்டில் தமிழிலேயே குறித்து வைக்கலாம். எழுதியவர் வேலையை விட்டுச் சென்ற பின், காரணம் தெரியாத விதியைத் தொட அஞ்சி அப்படியே விட்டுவைக்கும் நிலை அதனால் தவிரும். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, சர்வர் பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்பு நிகழ்வை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று நிறுவனங்களைப் பணித்திருப்பதால், எந்தக் கடிதம் எந்த விதியால் நிறுத்தப்பட்டது என்ற தடயமும் கையில் இருந்தாக வேண்டும்.

தவறாக மறுக்கப்பட்டவர் முறையிடுவதற்கும் நெறிமுறை ஒரு வழி வைத்திருக்கிறது. அஞ்சல் பெறும் ஒவ்வொரு டொமைனும் போஸ்ட்மாஸ்டர் என்ற பெயரில் ஒரு முகவரியைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று 1982இலிருந்தே அது கூறிவருகிறது. மற்ற முகவரிகளுக்கு உள்ள வடிகட்டிகளை இதன் மேல் இயன்றவரை தளர்த்தியே வைக்க வேண்டும். சோழபுரத்துச் சிறு நிறுவனம் ஒன்றில் அந்தப் பெட்டியைத் திறந்து படிக்கும் வேலை கணக்கருக்குத் தரப்படலாம், மேலாளருக்குத் தரப்படலாம். அது யாருடைய வேலை என்று பெயர் சொல்லி எழுதி, மறுப்புச் செய்தியின் வாசகத்திலேயே அந்த முகவரியையும் அலுவலகத் தொலைபேசி எண்ணையும் சேர்த்துவிட்டால், விதி தவறிய நாளில் அதை முதலில் சுட்டிக்காட்டுபவர் அந்த வாங்குநராகவே இருப்பார்.